ஒரே கூரையும் அகன்ற வாயிலும்: பேராதனைச் சர்வகலாசாலையின் கதை

கண்டி நகருக்கு அண்மையில், மகாவலி கங்கை வளைந்தோடும் கரையை ஒட்டி, ஹந்தானை மலையின் அடிவாரச் சரிவுகளில் பரந்து கிடக்கும் பேராதனைச் சர்வகலாசாலையின் எழிலைப் புகழாத பிரயாணி இல்லை. ஆயினும் அக்கட்டடங்களின் அழகைக் காட்டிலும், அவற்றினுள் யார் யாரை ஒன்றுசேர்த்து வாழ்விக்க வேண்டுமென்று அதனை நிர்மாணித்தவர்கள் எண்ணினார்கள் என்பதும், அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் நிறைவேறிற்று, எங்கே தடைப்பட்டது என்பதுமே நாம் ஊன்றி ஆராயத்தக்க விஷயங்களாகும்.

இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்ற கிளர்ச்சி, ஸர் பொன்னம்பலம் அருணாசலம் 1906ஆம் ஆண்டில் அதற்கெனச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்த காலத்திலேயே உருப்பெற்றது. 1921இல் கொழும்பில் யூனிவர்சிட்டி கல்லூரி அமைந்தது. ஆனால் சர்வகலாசாலை எங்கே எழவேண்டும் என்ற வாதம் அதன்பின் பல ஆண்டுகள் நீண்டது. தலைநகரிலேயே இருக்கட்டும் என்றார் ஒரு சாரார். நகரத்தின் ஆரவாரத்தினின்றும் விலகி, மாணாக்கரும் ஆசிரியரும் ஒருங்கே உறையும் வித்தியா நகரம் ஒன்று கண்டிப் பிரதேசத்தில் எழவேண்டும் என்றார் மற்றொரு சாரார். பின்னவர் பக்கமே இறுதியில் வென்றது. 1942 ஜூலையில் இலங்கைச் சர்வகலாசாலை ஏறத்தாழ 900 மாணாக்கருடன் கொழும்பில் தொடங்கியபோது அதன் முதல் உபவேந்தராக அமர்ந்த ஸர் ஐவர் ஜெனிங்ஸ், பேராதனைக்குக் குடிபெயர்வதையே தம் ஜீவிய இலட்சியங்களுள் ஒன்றாகக் கொண்டார். ஸர் பற்றிக் அபர்குரொம்பி வகுத்த திட்டத்தைத் தழுவி, ஷேர்லி டி அல்விஸ் என்னும் சிற்பி சுதேச மரபின் சாயல் பொலியக் கட்டடங்களை அமைத்தார். 1952இல் கலைப்பீடம் பேராதனைக்கு வந்து சேர்ந்தது; 1954 ஏப்ரல் 20ஆம் தேதி, எலிசபெத் இராணியார் முன்னிலையில், எடின்பரோ கோமகன் அதனை முறைப்படி திறந்துவைத்தார்.

விடுதி மண்டபங்களுக்கு இட்ட பெயர்களை நோக்கினாலே அதனை நிர்மாணித்தவர்களுடைய உள்ளக்கிடக்கை ஓரளவு புலனாகும். தமிழ்ப் பெரியார்களான அருணாசலம், இராமநாதன் என்னும் சகோதரர் இருவர். பௌத்தத் தலைவர் ஜயதிலக்க. கிறிஸ்தவரான ஜேம்ஸ் பீரிஸ். இலங்கைக்குப் போதிமரக் கிளை கொணர்ந்த சங்கமித்தை. பின்னாளில் மலாய் வம்சத்து நீதியரசர் அக்பர் — இத்தனை பேரும் ஒரே வளாகத்தில் நினைவுகூரப்பட்டனர். காலப்போக்கில் பௌத்த விகாரையும், கிறிஸ்தவ ஆலயங்களும், பள்ளிவாசலும், குன்றின்மீது குறிஞ்சிக் குமரன் கோயிலும் அவ்வளாகத்துக்குள்ளேயே எழுந்தன.

இனி அம்மண்டபங்களின் அன்றாட வாழ்க்கையைச் சிறிது கவனிப்போம். கொழும்பில் பயின்ற மாணாக்கன் மாலையில் வகுப்பு முடிந்ததும் தன் இனத்தாரும் உறவினரும் வாழும் வீட்டுக்கோ, அறைக்கோ திரும்பிவிடுவான். பிற இனத்தவனோடு அவனுக்குள்ள பரிச்சயம் விரிவுரை மண்டபத்தின் வாசலோடு முடிந்துவிடும். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனும், காலியிலிருந்து வந்தவனும், மட்டக்களப்பு முஸ்லிமும், கொழும்புப் பறங்கியனும் அடுத்தடுத்த அறைகளில் துயின்று, ஒரே போசனசாலையில் உண்டு, ஒரே பொது அறையில் பத்திரிகை படித்து, ஒரே மண்டபத்தின் கொடிக்கீழ் விளையாட்டுப் போட்டிகளில் பொருத நேர்ந்தது. மண்டபத்துக்கு ஒரு வார்டனும் அவருக்குத் துணையாக உப வார்டனும் அங்கேயே வசித்தனர். சாதி பார்த்துப் பந்தி பிரித்த வழக்கம் ஊர்களில் இன்னும் மறையாதிருந்த அந்நாளில், பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவன் யாரென்று வினவாமல் சோறும் கறியும் உண்ணும் பழக்கத்தை ஓர் இளந்தலைமுறை அங்கே கற்றதென்றால், அதனைச் சாமானியமான சாதனை என்று எவரும் தள்ளிவிட இயலாது.

ஆனால் நடுநிலை பிறழாமல் நோக்குவோர்க்கு இதன் மறுபுறமும் தென்படாமற் போகாது. அவ்வைக்கியத்தைத் தாங்கிநின்ற தூண் ஆங்கிலம். ஆங்கிலக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பவல்ல குடும்பங்களின் மக்களே பெரும்பாலும் அவ்வாயிலைக் கடந்தனர். இனத்தால் வேறுபட்டிருந்தும் நடை, உடை, கல்வி ஆகியவற்றால் அவர்கள் முன்னமே ஒருவரையொருவர் ஒத்திருந்தனர். தோட்ட நிலங்கள் சூழ்ந்த மலைநாட்டின் நடுவே எழுந்த அந்தச் சர்வகலாசாலைக்குள், அம்மலைகளைத் தம் உழைப்பால் செழிக்கச் செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளரின் மக்கள் நெடுங்காலம் காலடி வைத்தது அரிதினும் அரிது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. லயன் அறைகளில் பிறந்த குழந்தைக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கீழ்வகுப்புகளுக்கு அப்பால் வழியே இருக்கவில்லை. உள்ளே வந்தவர்களின் ஒற்றுமையைப் போற்றும்போது, வெளியே நின்றவர்களை மறப்பது தர்மமன்று.

வாயில் அகன்ற வரலாறு வேறு திசையிலிருந்து தொடங்கிற்று. கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், கிராமத்து ஏழைப் பிள்ளைகள் மத்திய மகா வித்தியாலயங்களின் வழியே மேலேறி வரலாயினர். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1960இல் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. தாய்மொழியில் உயர்கல்வி பெறுவது எந்த ஜனசமூகத்துக்கும் பிறப்புரிமை என்பதில் ஐயமில்லை. எனினும் அதனுடன் கூடவே செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று செய்யப்படாமல் விடுபட்டது. ஒருவர் மொழியை மற்றவர் கற்க வழிசெய்யாமல், இரு பிரிவினரையும் இரு விரிவுரை மண்டபங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆங்கிலமென்னும் பழைய பாலம் நலிந்தது. புதிய பாலம் எழவில்லை.

இந்நிலையிலும் ஓரிடத்தில் அற்புதமான ஒரு சங்கமம் நிகழ்ந்தது: அது நாடக மேடை. சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, ‘நாடகம’ என்னும் பழைய கிராமியக் கூத்துவகையை ஆராய்ந்து, 1956இல் ‘மனமே’ என்னும் நாடகத்தைப் பேராதனை மாணாக்கரைக் கொண்டு அரங்கேற்றினார். அந்த வகை தமிழ் நாட்டுக்கூத்தோடு நெருங்கிய உறவுடையது. அம்முயற்சி தந்த ஊக்கத்தில், தமிழ்த்துறைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். மட்டக்களப்புக் கூத்தாசிரியர்களான அண்ணாவிமாரின் மரபில் வந்த ஆட்டத்தையும் தாளத்தையும், விடியவிடிய ஆடும் கூத்தைச் சில நாழிகைக்குள் சுருக்கும் புதிய முறையையும், யாழ்ப்பாணத்து மாணாக்கரும் கிழக்கிலங்கை மாணாக்கரும் தோளோடு தோள் நின்று பயின்றனர். படிப்பறிவற்றோரின் பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கலை, சலங்கை ஒலிக்க, மத்தளம் முழங்கச் சர்வகலாசாலை அரங்கில் ஏறியதால், கிராமத்தினின்றும் வந்த மாணாக்கன் தன் ஊரை மறைக்கவேண்டிய அவசியம் நீங்கித் தலைநிமிர்ந்தான். தமிழருக்குள்ளேயே நிலவிய பிரதேச பேதத்தை அது தளர்த்தியதோடு, இரு மொழியினரின் கலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்னும் உண்மையைக் கண்ணெதிரே நிறுத்திற்று.

பின் வந்த ஆண்டுகள் துயரமானவை. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரால் மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. மருத்துவம், பொறியியல் ஆகிய பீடங்களில் நுழையத் தமிழ்மொழி மாணாக்கர் கூடுதல் புள்ளிகள் பெறவேண்டியதாயிற்று. பின்தங்கிய பிரதேசத்துப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்க வேண்டுமென்ற நியாயமான நோக்கத்தை, மொழியை அளவுகோலாகக் கொண்டு நிறைவேற்ற முற்பட்டதால், திறமைக்கு மதிப்பில்லை என்ற மனக்கசப்பு ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆழ வேரூன்றியது. 1983 மே மாதத்தில் அதே வளாகத்தில் தமிழ் மாணாக்கர் தாக்கப்பட்டனர். ஒரே கூரையின்கீழ் உறங்குவது மாத்திரம் மனிதரைச் சகோதரராக்கிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேண்டுவதில்லை.

பேராதனையின் சரித்திரம் நமக்கு உணர்த்துவது யாதெனில், ஒருங்கு வாழ்தலும் சமமாக நுழைதலும் ஒன்றையொன்று பிரியாத இரு தர்மங்கள் என்பதே. கூரை ஒன்றாகவும் வாயில் குறுகியதாகவும் இருந்த காலத்தில் உள்ளிருந்தோர் மாத்திரம் நண்பராயினர். வாயில் அகன்று, பொதுமொழியும் பொது வாழ்வும் பேணப்படாத காலத்தில் உள்ளே வந்தோர் அந்நியராயினர். ஆதலின், எளியவரின் பிள்ளைகளைத் தேடி அழைத்துவரும் எந்தச் சர்வகலாசாலையும், அயலானின் மொழியைப் பயிலவும், அவனோடு ஒரு பந்தியில் உண்ணவும், ஒரு மேடையில் ஆடவும் வாய்ப்பளிப்பதைப் பாடத்திட்டத்துக்கு நிகரான கடமையாகக் கொள்ளவேண்டும். நீதியான முறையில் இடம் பெற்றோம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு மாணாக்கனுக்கும் இருந்தாலன்றி, அந்தப் பந்தியும் மேடையும் பயன்தரமாட்டா.