ஹார்மோன் என்னும் பெயர்: ஒரு சொல்வரலாறு

ஒரு பொருளுக்குப் பெயரிடுவோர், தம் காலத்தார் அதனைப்பற்றி அறிந்த அளவுக்கே பெயரிடுவர். அறிவு வளருங்கால் பெயர் பின்தங்கிவிடுதலும் உண்டு. உடலியல் நூலார் ஆளும் 'ஹார்மோன்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். அச்சொல் பிறந்த வரலாற்றையும், தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் அதனின்று கொள்ளத்தக்க பாடத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை இயக்குவது நரம்பின் வழியாகவே என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓங்கியிருந்தது. எனினும், 1849-இல் கோட்டிங்கன் நகரத்துப் பெர்த்தோல்டு என்பார் இதற்கு மாறான உண்மையொன்றைக் கண்டார். இளஞ்சேவல்களின் விரைகளை அகற்றி, அவற்றுட் சிலவற்றின் வயிற்றறையினுள் விரையை மீண்டும் வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பின்னரும் அச்சேவல்கள் கொண்டை வளர்ந்து, கூவி, போரிட்டன. ஆகவே விரையின் ஆற்றல் குருதி வழியே உடலெங்கும் பரவுகின்றது என அவர் துணிந்தார். அம்முடிவு அக்காலத்தார் கருத்தை ஈர்க்கவில்லை.

ஐயத்தை அகற்றியது 1902-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிகழ்ந்த ஆய்வு. அதனைச் செய்தோர் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர். ஸ்டார்லிங்கின் உடன்பிறந்தாளை மணந்தவர் பேலிஸ். இரைப்பையிலிருந்து புளிப்புற்ற உணவு சிறுகுடலை அடைந்ததும் கணையம் சுரக்கின்றது. கணையத்திற்குச் செய்தியைக் கொண்டுசெல்வது நரம்பே என்பது இரசிய அறிஞர் பாவ்லோவ் வழியினர் கொள்கை. இவ்விருவரும் மயக்கமூட்டிய நாயின் சிறுகுடற் பகுதியொன்றில் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர்; கணையம் முன்போலவே சுரந்தது. பின்னர்க் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்துடன் அரைத்து வடித்த நீரைக் குருதிக்குழாயில் ஏற்றினர், அப்போதும் சுரந்தது. தூதாய்ச் சென்றது நரம்பன்று, குருதியிற் கலந்த ஒரு பொருளே என்பது தெளிவாயிற்று. அதற்குச் 'செக்ரிட்டின்' எனப் பெயரிட்டனர்.

இத்தகைய பொருள்கட்கெல்லாம் ஒரு பொதுப்பெயர் வேண்டப்பட்டது. 1905-இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவில் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்னும் சொல்லை முதன்முதலாக ஆண்டார். கேம்பிரிட்சில் இது குறித்து உரையாடல் எழுந்தபோது, கிரேக்கக் கவிஞர் பிண்டாரின் பாடல்களில் வல்லவரான வேசி என்னும் மொழிப்புலவரே 'தூண்டுகின்றேன்' எனப் பொருள்படும் கிரேக்க வினையை எடுத்துத் தந்தார் என்று நீடாம் குறிப்பிடுகின்றார். அறிவியலின் தலையாய சொற்களுள் ஒன்று மொழிப்புலவர் துணைகொண்டு பிறந்தது என்பது எம் போன்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆனால் தூண்டுவது மட்டுமோ இப்பொருள்களின் தொழில்? சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பி தரும் அட்ரினலின் இதயத்தை விரைவிக்கின்றது. அதுவே குடலின் அசைவைத் தணிக்கின்றது. இக்குறையை உணர்ந்த ஷேபர், 1916-இல் வெளிவந்த தம் நூலில் தூண்டுவனவற்றை ஹார்மோன் என்றும், தணிப்பனவற்றைச் 'சேலோன்' என்றும் பிரித்தார். அப்பிரிவு நிலைக்கவில்லை. ஒரே பொருள் ஓரிடத்துத் தூண்டியும் பிறிதோரிடத்துத் தணித்தும் நிற்குமாயின் அதனை எவ்வகையுள் அடக்குவது? மூளையடிச் சுரப்பி கழுத்திலுள்ள தைராய்டைத் தூண்டுகின்றது. தைராய்டின் சுரப்பு குருதியில் மிகுந்தால், அதுவே சென்று மூளையடிச் சுரப்பியை அடக்குகின்றது. இவ்வாறு தூண்டலும் தடுத்தலும் தம்முள் இயைந்து உடலை நிலைநிறுத்துகின்றன. 1973-இல் அறியப்பட்ட சோமட்டோஸ்டாட்டின் வளர்ச்சிச் சுரப்பைத் தடுப்பது. எனினும் அதுவும் ஹார்மோன் என்றே வழங்குகின்றது. காரணப்பெயராகப் பிறந்த சொல் வழக்கில் இடுகுறியின் இயல்பை எய்திவிட்டது.

இனித் தமிழாக்கத்தை நோக்குவோம். 'நாளமில்லாச் சுரப்பி' என்பது உறுப்பை அதற்கில்லாத ஒன்றாற் சுட்டுகின்றது. இலங்கை நூல்களில் வழங்கும் 'அகஞ்சுரக்குஞ் சுரப்பி' என்பது அதன் தொழிலாற் சுட்டுகின்றது. பின்னதே சிறந்தது என்பது வெளிப்படை. ஹார்மோனைக் கிரேக்க வேர்வழியே 'ஊக்குநீர்' என ஆக்கின், 1905-ஆம் ஆண்டின் அறிவுக்குறையைத் தமிழிலும் விதைத்தவராவோம். 'இயக்குநீர்' என்பதில் அக்குறை இல்லை. இயக்குதல் என்னும் வினை முடுக்குதலையும் அடக்குதலையும் ஒருங்கே தழுவும். 'நீர்' என்பது மட்டுமே பொருந்தாது. இவை நீர்மமல்ல, குருதியில் மிகச் சிறிய அளவிற் கலந்து செல்லும் வேதிப்பொருள்கள். எனினும் உமிழ்நீர், கணையநீர் என்னும் சுரப்புவழக்கை ஒட்டி அது அமைந்ததெனக் கொள்ளலாம்.

மூலச்சொல்லின் வேரை மட்டும் பெயர்ப்பது போதாது; சொல் பிறந்தபின் பொருளறிவு எவ்வளவு வளர்ந்தது என்பதையும் ஆராய்ந்தே கலைச்சொல் ஆக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.