இல்லத்து நீராடுமிடம்: திரியாய்க் கிராமத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

அரண்மனைகளும் ஆலயங்களும் மட்டுமே ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கூறுவன அல்ல. மக்கள் நீராடிய இடங்களும், கழிவை அகற்றிய வழிகளும் அவர்தம் அறிவையும் வாழ்க்கை நெறியையும் புலப்படுத்துகின்றன. திருகோணமலை நகருக்கு வடக்கே, குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில், வயலும் குளமும் சார்ந்து அமைந்த கிராமம் திரியாய். 1985ஆம் ஆண்டு வன்செயல்களின்போது அங்கு வீடுகள் எரியூட்டப்பட்டன, மக்கள் இடம்பெயர்ந்தனர். பல்லாண்டுகளின் பின் மீண்டோர் தம் இல்லங்களை அடித்தளத்திலிருந்து எழுப்ப வேண்டியவராயினர். புதிதாகக் கட்டும் வீட்டிலாயினும் திருத்தியமைக்கும் வீட்டிலாயினும், குளியலறையும் மலசலகூடமும் எங்கே அமைதல் வேண்டும் என்பது சிறிய வினாவன்று. கிணற்றை நம்பி வாழும் ஊரில் அது உயிரோடு தொடர்புடையதாகும்.

இவ்வினாவுக்கு முன்னோர் கண்ட விடைகள் பல. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மொகஞ்சதாரோவில் வீடுகள் பலவற்றின் நீராடும் அறைகள் தெருப்பக்கமாக அமைந்திருந்தன. செங்கல் பாவிய சாய்வான தரை, நீரைத் தெருவின் வடிகாலுக்கு எளிதிற் செலுத்தியது. அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண எனும் இரட்டைக் குளங்களில், வரும் நீர் முதலிற் சிறு தொட்டிகளிலே தங்கி, வண்டல் படிந்த பின்னரே குளத்தை அடைந்தது. பௌத்த விநய நூல்கள் வெந்நீர் அறையையும் மலசலகூடத்தையும் துறவியர் பயன்படுத்த வேண்டிய முறையை விரித்துரைக்கின்றன. திரியாயின் குன்றின்மீதும் கிரிகண்டு சேய எனும் பௌத்த வட்டக்கோயிலின் சிதைவுகள் உள்ளன. பல்லவ கிரந்த எழுத்திற் பொறித்த வடமொழிச் சாசனம் ஒன்று அதனை வணிகரோடு தொடர்புபடுத்துகின்றது. கடல்வழி வணிகரையும் யாத்திரிகரையும் வரவேற்ற இத்தகைய தலத்துக்கு நீர் வசதி இன்றியமையாததாக இருந்திருத்தல் வேண்டும்.

கிராமத்து இல்லங்களோ வேறொரு முறையைக் கைக்கொண்டன. நீராடுமிடம் வீட்டினுள் அன்று. வளவின் ஒரு புறத்தே கிணற்றடியில் இருந்தது. கிடுகுவேலி மறைப்பாயிற்று. வழிந்த நீர் வாழைக்கும் கமுகுக்கும் பாய்ந்தது. மலங்கழித்தற்கு மக்கள் வீட்டைவிட்டு நெடுந்தூரம் சென்றனர். இம்முறையில் நீரும் கழிவும் தாமாகவே பிரிந்திருந்தன. எனினும் இதன் சுமை பெண்டிர்மேலும் முதியோர்மேலும் நோயாளர்மேலும் விழுந்தது. இருளையும் மழையையும் பாம்பையும் அஞ்சியவாறு வெளியே செல்லவேண்டிய நிலையைப் பழமையின் சிறப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

வீட்டோடு சேர்ந்த மலசலகூடம் அந்நியர் ஆட்சியோடு பரவியது. பேச்சுவழக்கிலுள்ள ‘கக்கூசு’ என்னும் சொல் ஒல்லாந்து மொழியிலிருந்து வந்ததே. அக்காலத்து மேலைத்தேய நகரங்களும் இதில் தேர்ச்சி பெற்றிருந்தன என்பதற்கில்லை. 1854ஆம் ஆண்டு இலண்டனின் புரோட் தெருப் பகுதியிற் பரவிய வாந்திபேதி 600 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. நோய் தெருக்கிணற்று நீரால் பரவியதென மருத்துவர் ஜோன் சினோ நிறுவினார். அயல்வீட்டின் மலக்குழி அக்கிணற்றிலிருந்து ஏறத்தாழ 3 அடி தூரத்திலேயே இருந்து கசிந்தமை பின்னர்த் தோண்டியபோது புலனாயிற்று. இலங்கையில் 1916 அளவில் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொளுக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்னும் உண்மையை அப்பணி வற்புறுத்தியது. ஆயினும் கூடம் கிணற்றருகே அமையுமாயின் ஒரு நோயைத் தடுக்க முனைந்து மற்றொன்றை வரவழைத்தவாறாகும். 1980களில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஆய்வுகள் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் காட்டின. அதற்கு வயலுரத்தோடு மலக்குழிகளும் காரணமாகக் கூறப்பட்டன.

எனவே இல்லத்து நீராடுமிடத்தைத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை சில உள. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி, அதாவது 15 மீற்றர் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. மணற்பாங்கான நிலத்தில் இதனினும் மிகுதியான தூரம் நன்று. நிலத்தடி நீர் கிணற்றை நோக்கி ஓடும் திசையிலே குழி அமைதல் ஆகாது. வடகீழ்ப் பருவமழையில் நீர்மட்டம் மேலெழுதலால் குழியின் ஆழத்தை மாரிக்கால நிலையைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அயலவரின் கிணற்றையும் அளவிற் சேர்த்தல் அவசியம். நீர் வேலியை அறியாது. குளிக்கும் நீரை மலக்குழியிற் சேர்க்காது தனி வாய்க்காலால் மரங்களுக்கு விடுதல் பழைய கிணற்றடி கற்பித்த பாடமாகும்.

இவற்றையெல்லாம் பலர் இறுதியிலேயே எண்ணுகின்றனர். சுவர் எழுந்து, கூரை வேய்ந்து, எஞ்சிய மூலையிலே மலசலகூடம் வைக்கப்படுகின்றது. பின்னர் பளிங்கு ஓடு பதிப்பதிற் பணம் செலவாகின்றது. ஓடு பின்னொரு நாளிலும் பதிக்கக்கூடியது. குழியின் இடமோ ஒருமுறை தவறினால் எளிதில் மாற்ற இயலாதது. மொகஞ்சதாரோவினரும் அநுராதபுரத்தாரும் நீர் வரும் வழியையும் செல்லும் வழியையும் கட்டடத்தோடு ஒருங்கே திட்டமிட்டனர். எரிந்த மனைகளை மீள எழுப்புவோர்க்கு வளவு முழுவதையும் புதிதாக வகுக்கும் வாய்ப்பு அமைகின்றது. அதில் முதற்கோடு கிணற்றைச் சுற்றி வரையப்படுதல் வேண்டும்.