அரும்பும் நாடுகளின் கிண்ணம்: கொச்சிக்கடையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் வடபாகத்திலே, துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் கொச்சிக்கடை தன் வரலாற்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது. மலையாளக் கரையிலுள்ள கொச்சியிலிருந்து வந்தோர் கடை வைத்த இடம் என்பதே அப்பெயருக்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். நீர்கொழும்புக்கு வடக்கே அதே பெயருடன் வேறோர் ஊரும் உண்டாதலின் வெளியூரார் மயங்குதல் இயல்பு. ஈண்டு நாம் கருதுவது அந்தோனியார் திருத்தலமும், பொன்னம்பல முதலியார் நிறுவி அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் அருகருகே அமைந்த கொழும்புக் கொச்சிக்கடையையே. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்ப்பு ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்பினால் இவ்வூர்ப் பெயரை உலகம் அறிந்தது. அதற்கு முன்னரும் ஆசியக் கண்டத்தின் ஒரு சிறு வட்டத்தில் இவ்வட்டாரத்தை அறிந்தோர் இருந்தனர். அவர்கள் அறிந்தது உதைபந்தாட்டத்தின் வழியே.

உதைபந்தாட்டம் வரலாற்றுக் கட்டுரைக்கு உரிய பொருளாகுமா என ஐயுறுவோர் நம்முள் இருக்கலாம். கோயிற் கல்வெட்டையும் ஏட்டுச் சுவடியையும் ஆராய்வதே வரலாறு என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக வேரூன்றியுள்ளது. ஆயினும் துறைமுகத் தொழிலாளியும் சிறு வணிகனும் எழுத்துவினைஞனும் ஒரே கொடியின் கீழ் ஒன்றுகூடிய இடங்கள் எவை என வினவுவோமாயின், வடகொழும்பைப் பொறுத்தவரை ஆலயங்களுக்கு அடுத்து நாம் காட்டக்கூடியவை உதைபந்தாட்டக் கழகங்களே. ஆலயங்கள் சமயத்தால் மக்களைப் பிரித்தே கூட்டின. கழகங்களில் தமிழரும் சிங்களவரும் சோனகரும் மலாயரும் ஒரே சட்டை அணிந்தனர். இதனை மிகைப்படுத்திப் பேசுதல் தகாது. 1983 ஜூலையில் இவ்வீதிகளிலே நடந்தவற்றைத் தடுக்கும் ஆற்றல் எந்தக் கழகத்துக்கும் இருக்கவில்லை. எனினும் அவை இருந்தன, இன்றும் இருக்கின்றன.

இவ்விளையாட்டு இங்கு வந்த வழி துறைமுக வழியே. 1875இல் தொடங்கப்பெற்ற அலைதடுப்பணை வேலை கொழும்பைக் காலியினும் மேம்பட்ட துறைமுகமாக்கியது. அதன் பயனாக வந்திறங்கிய ஆங்கிலேயப் படையினரும் கப்பலோட்டிகளும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு பந்துதைத்தனர். துரைமாரின் ஆட்டமான கிரிக்கெற்றுக்கு மட்டையும் காப்புறையும் செப்பனிட்ட தரையும் வேண்டும். இதற்கோ ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். கொட்டாஞ்சேனையில் 1865 முதல் இயங்கிவரும் சென் பெனடிக்ற் கல்லூரி போன்ற கத்தோலிக்கப் பாடசாலைகள் அதனைத் தம் பிள்ளைகளுக்குப் பயிற்றின. 1939இல் நாட்டளாவிய சங்கம் தோன்றிற்று. 1952இல் அது உலகச் சம்மேளனமான பிஃபாவில் இணைந்தது. அதே 1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் கலந்துகொண்ட நாற்கோணச் சுற்றுப்போட்டியின் முதலாவது ஆட்டத் தொடர் கொழும்பிலேயே நடைபெற்றது. இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. தொடர்ந்து இரங்கூன், கல்கத்தா, டாக்கா என இடம் மாறிய அப்போட்டி 1955உடன் நின்றுபோயிற்று. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தமக்குள் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்த முதல் முயற்சிகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம். ஐம்பது ஆண்டுகளின் பின் எழுந்த கிண்ணத்துக்கு அதனை மூதாதை எனலும் பொருந்தும்.

இனி அக்கிண்ணத்தை நோக்குவோம். 2002ஆம் ஆண்டு ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தலைமைப் பதவியை ஏற்ற கட்டார் நாட்டவரான முகமது பின் ஹம்மாமின் காலத்தில், ஆசிய நாடுகள் மூன்று படிகளாக வகுக்கப்பட்டன. யப்பான், தென்கொரியா, சவூதி அரேபியா முதலியன முதிர்ந்த நாடுகள். அவற்றின் கழகங்களுக்கு வெற்றியாளர் கிண்ணம். அடுத்த படியிலுள்ள வளர்ந்துவரும் நாடுகளுக்கு 2004இல் தொடங்கிய ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணம். எஞ்சியோர் அரும்பும் நாடுகள் எனப்பட்டனர். அவர்களுக்கென 2005இல் தோற்றுவிக்கப்பட்டதே தலைவர் கிண்ணம். பொருளியல் மாணவர் வளர்முக நாடு என்னும் சொல்லை எத்துணை எச்சரிக்கையுடன் கையாளுவரோ அத்துணை எச்சரிக்கை இச்சொல்லுக்கும் வேண்டும். 1952இல் ஆசியப் போட்டியொன்றை முதன்முதல் ஏற்று நடத்திய நாடு 2005இல் அரும்பு எனப்படுவதாயின், இடையில் அந்தச் செடிக்கு என்ன நேர்ந்தது என்பதே கேள்வி. மக்கட்டொகையில் நம் மாவட்டமொன்றுக்கு ஈடாக நிற்கும் மாலைதீவு இரண்டாம் படியில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வைப்பு முறையானதே என்பதனை 2008இல் நாம் கண்கூடாகக் கண்டோம். கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்றது மாலைதீவே. அதே கொழும்பில் 1995இல் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்றிருந்தது இலங்கை.

முதல் ஆண்டில் பூட்டான், கம்போடியா, சீனத் தாய்பே, கிர்கிஸ்தான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, தஜிகிஸ்தான் என்னும் எட்டு நாடுகளின் வெற்றிக் கழகங்கள் காத்மண்டுவிலே கூடின. நம் நாட்டின் சார்பிற் சென்றது களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம். அடுத்த ஆண்டு மலேசியாவின் கூச்சிங், 2007இல் லாகூர் எனப் போட்டி இடம்பெயர்ந்தது. 2008 முதல் தகுதிச் சுற்றுக்களும் சேர்ந்தன. மியன்மார், துருக்மெனிஸ்தான், வங்காளதேசம், பின்னர் பலஸ்தீனம், மொங்கோலியா, இறுதியில் வடகொரியா என வட்டம் விரிந்தது. பத்து ஆண்டுகளில் ஏழு கழகங்கள் கிண்ணத்தை வென்றன.

அக்கழகங்கள் யாவை என ஆராய்வதிலேதான் இவ்வரலாற்றின் சுவை உள்ளது. 2005, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெற்றிபெற்ற ரெகார்-தடாஸ் தஜிகிஸ்தானின் மாபெரும் அலுமினியத் தொழிற்சாலையின் அணி. ரெகார் என்பது அத்தொழிற்சாலை அமைந்த துர்சுன்சோதா நகரின் பழைய பெயர். தடாஸ் என்பது தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம். 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் வென்றதும், 2005 முதல் 2010 வரை ஆறு இறுதியாட்டங்களிலும் ஒன்றுவிடாது ஆடியதுமான டோர்டோய், கிர்கிஸ்தான் தலைநகரான பிஷ்கெக்கின் புறத்தேயுள்ள ஒரு சந்தையின் பெயரைச் சூடியது. கப்பற் கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழுள்ளது கடை, மேலுள்ளது கிட்டங்கி என வணிகம் செய்யும் சந்தை அது. சோவியத் ஒன்றியம் குலைந்தபின் சீனப் பொருள்கள் மத்திய ஆசியா எங்கும் பரவ அதுவே வாயிலாயிற்று. கடலே இல்லாத நாட்டிற் கொள்கலன்களாலாய கடைத்தெரு ஒன்று கழகம் வளர்த்தது என்பதனைக் கொள்கலன்களைக் கண்முன்னே கண்டு வாழும் கொச்சிக்கடையார் கேட்பின் என் சொல்வரோ? கடையின் பெயரால் அமைந்த ஊர் இதுவுமன்றோ!

2007இல் இறுதியாட்டம் வரை வந்து டோர்டோயிடம் 2-1 எனத் தோற்ற நேபாளத்தின் மகேந்திரா அணி பொலிசாருடையது. 2011இல் தன் சொந்த நகரான காவோசியுங்கிலே புனோம் பென் கிரவுண் அணியை 3-2 என வென்றது தாய்வானின் மின்வலு நிறுவனத்தின் அணி. 2013இல் மலாக்காவில் நடந்த இறுதியாட்டத்தில் துருக்மெனிஸ்தானின் பல்கன் கழகத்திடம் ஒரே கோலால் தோற்றது பாகிஸ்தானின் அணுவாராய்ச்சிக் கூடமொன்றின் அணி. இவை அனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடுவது 2012இல் டுஷான்பே நகரில் இஸ்திக்லோல் கழகத்திடம் 2-1 எனத் தோற்ற அல்-அமாரி அணி. அது ரமல்லாவுக்கு அருகிலுள்ள அல்-அமாரி ஏதிலியர் முகாமின் இளைஞர் மன்றத்துக்குரியது. முகாம் என்னும் சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு முகாம் தன் பெயரைப் பொறித்த சட்டையுடன் ஆசியக் கண்டத்தின் இறுதியாட்டமொன்றிற்கு வந்து நின்றது என்பது மட்டுமே இந்தக் கிண்ணத்தை நினைவில் வைத்திருக்கப் போதுமான காரணம் என்பது எம் கருத்து.

2007இல் லாகூர் சென்றது கொட்டாஞ்சேனையை நிலைக்களனாகக் கொண்ட இரத்தினம் விளையாட்டுக் கழகம். கொச்சிக்கடையும் ஜம்பெட்டா வீதியும் தம்முடையதெனக் கொண்டாடும் அணி இது. தமிழ்ப் பெயருடைய ஒரு கழகம் இலங்கையின் வெற்றிக் கழகமாக அயல்நாடு சென்ற அக்காலம் போர் மீண்டும் மூண்டிருந்த காலம். கொழும்பிலே தமிழ்ப் பெயருடன் சோதனைச் சாவடியைக் கடப்பதே பாடாயிருந்த நாள்களில், அத்தகைய பெயரொன்று நாட்டின் பெயரோடு இணைத்து எழுதப்பட்டது. இம்முரணைப் பெரிதாக எவரும் எழுதினாரல்லர். வெற்றி பெற்றிருப்பின் ஒருவேளை எழுதியிருப்பர். கிண்ணம் கிர்கிஸ்தானுக்கே சென்றது.

எதிரே நின்றோரை நோக்கின் அதில் வியப்பில்லை. அலுமினியத் தொழிற்சாலைக்கும் பெருஞ்சந்தைக்கும் மின்வலு நிறுவனத்துக்கும் சம்பளப் பட்டியல் உண்டு, மைதானம் உண்டு, ஆட்டக்காரனுக்குக் காலையிற் பயிற்சி, மாலையிற் பயிற்சி. நம் வடகொழும்புக் கழகமொன்றின் வழமையான அமைப்பு வேறு. உறுப்பினர் சந்தாவும் ஊர்ப் பெரியார் சிலரின் கொடையும் அதன் வருவாய். ஆட்டக்காரன் வேலை முடிந்து வருபவன். பயிற்சிக்குரிய வெளியோ ஆண்டுதோறும் சுருங்குவது. நகரின் மக்கள் நெருக்கம் மிக்க பகுதியில் ஒரு மைதானத்தைக் காப்பது கழகமொன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. இவ்விடர்கள் எவையும் இல்லாத அணிகள் நம் நாட்டிலும் உண்டு. அவை படைகளின் அணிகள். பிற்காலத்தில் தரைப்படையும் விமானப்படையும் இக்கிண்ணப் போட்டிக்குச் சென்றமை இத்தர்க்கத்தின் இயல்பான முடிபே. ஏனைய நாடுகளிற் சந்தையும் தொழிற்சாலையும் ஆற்றிய பணியை இங்கு படைத்துறை ஆற்றியது. படைவீரரின் திறமையை இதனால் நாம் குறைத்துரைக்கவில்லை. வீதியொன்றின் பெயரால் ஆடும் கழகம் நிலைத்த சம்பளம் தரும் கழகத்தோடு நெடுநாள் போட்டியிட இயலாது என்பதே நாம் சுட்டுவது. கொச்சிக்கடையிற் சிறந்து ஆடும் ஓர் இளைஞன் தமிழனாயின் அப்படைக் கழகங்களின் வாயில் அவனுக்கு நடைமுறையில் எவ்வளவு திறந்திருந்தது என்பதனையும் வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

தேசிய அணியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அரும்பும் நாடுகளின் தேசிய அணிகளுக்கென 2006இல் தொடங்கப்பட்ட அறைகூவற் கிண்ணத்தின் முதலாவது இறுதியாட்டத்திற்கு இலங்கை வந்தது என்பதனை இன்று பலர் மறந்துவிட்டனர். டாக்காவிலே தஜிகிஸ்தான் 4-0 என வென்றது. அந்தக் கிண்ணத்திற்கு ஒரு பயன் இருந்தது. 2008, 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் வென்றோர்க்கு ஆசியக் கிண்ணப் போட்டியில் இடம் கிடைத்தது. கழகங்களின் தலைவர் கிண்ணத்துக்கோ மேலே ஏறும் ஏணி இருக்கவில்லை. வென்றவன் மறு ஆண்டும் அதே படியில் நின்றான். ஆறு முறை இறுதியாட்டம் கண்ட டோர்டோயின் வரலாற்றை வெற்றி வரலாறு எனவும் கூறலாம், சிறை வரலாறு எனவும் கூறலாம்.

2014 செப்டெம்பரில் பத்தாவதும் கடைசியுமான இறுதிச் சுற்று கொழும்புக்கு வந்தது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள சுகததாச விளையாட்டரங்கிலே, அஷ்காபாத்தின் எச்.ரி.ரி.யு. அணி வடகொரியாவின் ரிம்யொங்சு அணியை 2-1 என வென்றது. எச்.ரி.ரி.யு. என்பது துருக்மெனிய-துருக்கியப் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர்ச் சுருக்கம். ஆசியக் கிண்ணமொன்றைப் பல்கலைக்கழகப் பெயர்தாங்கிய அணி வென்று சென்றது நம் தலைநகரிலே என்பதனைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றிற் குறித்து வைத்தல் நம் கடன். அதனோடு கிண்ணம் மூடப்பட்டது. அதனை உருவாக்கிய தலைவருக்கு 2012இலேயே பிஃபா வாழ்நாள் தடை விதித்திருந்தது.

மூடியது நன்றா? தஜிகிஸ்தானைக் கேட்பின் நன்று என்றே விடை வரும். 2015இல் இரண்டாம் படிக்கு ஏற்றப்பட்ட இஸ்திக்லோல் அதே ஆண்டில் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று மலேசியாவின் ஜொகூர் அணியிடம் ஒரே கோலால் தோற்றது. 2017இலும் இறுதிக்கு வந்தது. பத்தாண்டுகள் தமக்குச் சமமானோருடன் ஆடியதன் பயனை அவர்கள் அறுவடை செய்தனர். நமக்கோ கீழ்ப்படி அகற்றப்பட்டபோது மேற்படியில் எட்டிப் பிடிக்கக் கை இருக்கவில்லை. 2022இல் புளூ ஸ்டார் கழகம் தகுதிச் சுற்றில் நேபாளத்தின் மச்சிந்திரா அணியை 2-1 என வென்று கல்கத்தா சென்றது. அங்கே மோகன் பகான் 5-0 என வென்றது. 2023 ஜனவரியில் நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டெனக் கூறி பிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதத்திலேயே தடை நீங்கியது. ஏழு மாதம் நாட்டுக்கு உதைபந்தாட்டமே இல்லாதது போன்ற நிலை.

பத்தாண்டுகளின் பின் கூட்டமைப்பு தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது. 2024ஆம் ஆண்டு மீண்டும் மூன்றாம் படி ஒன்று வேறு பெயருடன் அமைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் நடந்த அதன் முதலாவது இறுதியாட்டத்தில் துருக்மெனிஸ்தானின் அர்க்கதாக் கழகம் கம்போடியாவின் சுவாய் ரியெங் கழகத்தை 2-1 என வென்றது. அர்க்கதாக் என்பது புதிதாக எழுப்பப்பட்ட ஒரு நகரம். அதன் கழகத்துக்கு அப்போது வயது இரண்டு.