ஈந்தங்காயும் எலிக்குடலும்

நாட்டுமருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று கொடுப்பது பூவல்ல. ஈந்து மரத்தின் ஆண் கூம்பு. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் அதன் கொட்டையை மாவாக்கித் தின்பார்கள். அதுவும் பலமுறை ஊறவைத்து, தண்ணீரை இறுத்த பிறகுதான். பச்சையாகத் தின்றால் நஞ்சு.

பசிபிக்கின் குவாம் தீவிலும் இதே வகை மரம், இதே ஊறவைக்கும் வழக்கம். அங்கே ஒரு நரம்பு நோய் மிகுந்திருந்ததால் கொட்டைமேல் சந்தேகம் விழுந்தது. அமெரிக்காவில் கெர்ட் லக்கர் குழுவினர் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வந்தது புற்றுக்கட்டி. 1963இல் அதை வெளியிட்டார்கள். நஞ்சின் பெயர் சைகாசின். கிருமியில்லாமல் வளர்த்த எலிகளை அது ஒன்றும் செய்யவில்லை. குடல் பாக்டீரியா உடைத்த பிறகே அது விஷமாகிறது. அதன் உறவுக்காரர்களான டைமெத்தில்ஹைட்ரசினும் அசாக்சிமீத்தேனும் ஆய்வுக்கூட எலிகளுக்குக் குடல் புற்றை வரவழைக்கும் ஊசிகளாயின.

கட்டி வளர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987இல் கனடாவில் ரஞ்சனா பேர்ட் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க வழி கண்டார். அந்த ஊசி போட்ட சுண்டெலியின் பெருங்குடலைப் பிளந்து, ஃபார்மலினில் தட்டையாகப் பதப்படுத்தி, மெத்திலீன் நீலத்தில் தோய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வேங்கிக்காலில் என் பரிசோதனைக் கூடத்தில் காசநோய்ச் சளிக்கு நான் ஊற்றும் அதே சாயம்தான். சீரான குடல்குழிகளுக்கு நடுவே சில மட்டும் பெருத்து, மேடிட்டு, கருநீலமாக நின்றன. கட்டிக்கு வெகுமுன்னால் தெரியும் அடையாளம் அது. 1991இல் மனிதக் குடலிலும் அதைக் கண்டார்கள். ஆனால் அந்தக் குழிகளில் பெரும்பாலானவை புற்றாவதில்லை.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் நளினி குழுவினரும் டைமெத்தில்ஹைட்ரசின் போட்ட எலிகளுக்கு நம் அஞ்சறைப்பெட்டிச் சாமான்களைக் கொடுத்தார்கள். 1998இல் வெளியான ஆய்வில் மிளகாய் தின்ற எலிகளுக்குக் கட்டி கூடியது. சீரகம் தின்றவற்றுக்குக் குறைந்தது. குடல் பாக்டீரியாவின் நொதிகளையும் அளந்தார்கள். குவாம் கொட்டை கற்றுக்கொடுத்த பாடம் அது.

"சீரகத் தண்ணி குடிச்சா குடல்ல கேன்சர் வராதாமே சார்?" என்று ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஊசி போட்டு நோய் வரவழைத்த எலிக்குக் கிடைத்த பலன் அது. நமக்கும் அப்படியே கிடைக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சீரகம் ரசத்தில் இருக்கட்டும். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாமல் டாக்டரிடம் போங்கள்.