மெய்நிகர் இயந்திரங்களின் உயர் கிடைப்பு

பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரில் ஒரு சர்வர் நின்றுபோனால், அதில் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் இயந்திரங்களை ஆள் தலையீடு இல்லாமல் மற்ற சர்வர்களில் மீண்டும் இயக்கும் ஏற்பாடு உயர் கிடைப்பு எனப்படும். நிர்வாகிகள் பேச்சில் இது வெறும் ‘எச்ஏ’. இயந்திரத்தின் வட்டுக் கோப்புகள் எல்லாச் சர்வர்களுக்கும் எட்டும் பொதுச் சேமிப்பகத்தில் இருப்பதால், வேறொரு சர்வரில் அதை இயக்குவது பெரிய வேலையல்ல. பதில் சொல்லாத சர்வர் உண்மையிலேயே நின்றுவிட்டதா, அதற்குப் போகும் வலையிணைப்பு மட்டும் அறுந்திருக்கிறதா என்று முடிவு செய்வதுதான் கடினம். முடிவு தவறினால் ஒரே இயந்திரம் இரண்டு இடங்களில் ஓடும், இரண்டும் ஒரே வட்டில் எழுதும், தரவு பாழாகும். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

முன்னோடிகள்

நிற்காத கணினியை வணிகப் பொருளாக்கியது டேண்டம் கம்ப்யூட்டர்ஸ். ஜேம்ஸ் ட்ரேபிக் 1974இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இந்நிறுவனத்தின் முதல் கணினி 1976இல் சிட்டிபேங்க் வங்கிக்குப் போனது. அதன் ஒவ்வொரு செயலியும் நொடிக்கு ஒருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பும். இரண்டு நொடிக்கு ஒருமுறை நடக்கும் சரிபார்ப்பில் ஒன்றின் செய்தி வந்திருக்காவிட்டால் அது செத்ததாகக் கொள்ளப்படும். இன்றைய கிளஸ்டர்களின் இதயத்துடிப்புச் செய்தி இதன் வாரிசுதான்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1983இல் அறிவித்த வேக்ஸ்கிளஸ்டர் வாக்கு முறையைக் கொண்டுவந்தது. நகர்மன்றக் கூட்டத்தில் கோரம் இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாததுபோல, பெரும்பான்மை வாக்கு கைவசம் இல்லாத சர்வர்கள் வேலையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். வலை இரண்டாகப் பிளந்தாலும் பெரும்பான்மை ஒரு பக்கத்தில்தான் இருக்க முடியும். இரண்டே சர்வர் உள்ள கிளஸ்டரில் இந்தக் கணக்கு உதவாது. ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் பிளவில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காது. அதனால் ஒரு வட்டுக்கும் வாக்குரிமை கொடுத்தார்கள். குறைந்தது மூன்று வாக்கு வேண்டும் என்ற விதி அப்போதிருந்து மாறவில்லை.

மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் 1985இல் வெளியிட்ட நிறுவல் இந்தச் சிக்கலின் அடியாழத்தைக் காட்டியது. செய்தி வந்துசேர இவ்வளவு நேரம்தான் ஆகும் என்ற உச்சவரம்பு இல்லாத வலையில், ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலே போதும். மற்றவை கட்டாயம் உடன்பாட்டுக்கு வரும் என்று உறுதிதரும் முறை எதுவும் கிடையாது. மெதுவாக இருப்பதற்கும் செத்துப்போனதற்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். பொறியாளர்கள் கண்ட மாற்று சற்றுக் கொடூரமானது: செத்ததா என்று தெரியாவிட்டால், கொன்றுவிட்டு முடிவு செய். சந்தேகத்துக்குரிய சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அதன் வேலையை எடுத்துக்கொள்ளும் இம்முறைக்கு ‘ஃபென்சிங்’ என்று பெயர். லினக்ஸ் உலகம் அதை ‘ஸ்டோனித்’ என்கிறது. மற்றச் சர்வரின் தலையில் சுடு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்.

தொண்ணூறுகளில் ஐபிஎம்மின் எச்ஏசிஎம்பி, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்டிக்காக 1997இல் வெளியிட்ட கிளஸ்டர் சேவை, லினக்ஸின் ஹார்ட்பீட் ஆகியவை வந்தன. இவை எல்லாவற்றிலும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தொடங்க, நிறுத்த, நலம் விசாரிக்க என்று தனித்தனியாக ஸ்கிரிப்ட் எழுதியாக வேண்டியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போனால் கிளஸ்டரும் அநாதையாகிவிடும்.

மெய்நிகராக்கம் தந்த திருப்பம்

ஐபிஎம் பெருங்கணினிகளில் அறுபதுகளிலேயே இருந்த மெய்நிகராக்கத்தைச் சாதாரண சர்வர்களுக்குக் கொண்டுவந்தது, 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர். அதன் சர்வர் மெய்நிகராக்க மென்பொருளான ஈஎஸ்எக்ஸ் 2001இல் வெளியானது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் இடம்மாற்றும் விமோஷன் 2003இல் வந்தது. விமோஷனையும் எச்ஏவையும் ஒன்றென நினைப்பவர் பலர். இடம்மாற்றத்துக்குப் பழைய சர்வர் உயிரோடு இருந்து நினைவகத்தை அனுப்பித் தர வேண்டும். திடீரெனச் செத்த சர்வரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

முன்பு ஒரு சர்வர் போனால் ஒரு சேவை போகும். பல இயந்திரங்களை ஒரே பெட்டியில் அடுக்கிய பிறகு, ஒரு மதர்போர்டு பழுதானால் அத்தனை சேவைகளும் ஒருசேர விழும். சிக்கனத்துக்காகச் செய்த மெய்நிகராக்கமே எச்ஏவைத் தவிர்க்க முடியாததாக்கியது. அதற்கு ஈடாக வேலையையும் எளிதாக்கியது: இயங்குதளமும் மென்பொருளும் ஒரே பொதியாக இருப்பதால், பொதியை இயக்கத் தெரிந்தால் போதும், உள்ளே இருப்பது என்னவென்று கிளஸ்டருக்குத் தெரிய வேண்டியதில்லை.

விஎம்வேர் தன் எச்ஏவை 2006இல் வெளியிட்டது. அதன் உள்ளே இருந்தது லெகாட்டோ நிறுவனத்தின் பழைய கிளஸ்டர் மென்பொருள். கிளஸ்டரில் ஐந்து சர்வர்கள் மட்டுமே ‘முதன்மை’. மீட்பு வேலையை அவைதான் நடத்தும். பல சர்வர்களை ஒரே கூண்டில் செருகும் பிளேடு சர்வர் வைத்திருந்தவர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள். ஐந்து முதன்மையும் ஒரே கூண்டில் அமைந்து அந்தக் கூண்டு விழுந்தால், மீட்க ஆளே இருக்காது. டிஎன்எஸ் பிழை இருந்தாலும் எச்ஏ முரண்டு பிடிக்கும். 2011இல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 5.0 அந்தப் பழைய மென்பொருளைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக எழுதிய முகவரைக் கொண்டுவந்தது. ஒரு சர்வர் தலைமை ஏற்கும். அது விழுந்தால் மற்றவை புதுத் தலைமையைத் தேர்ந்தெடுக்கும். வலை வழியாக வரும் துடிப்போடு சேமிப்பகம் வழியாகவும் துடிப்பைத் தலைமைச் சர்வர் பார்க்கும். வலை அறுந்தும் வட்டில் துடிப்பு தெரிந்தால் சர்வர் சாகவில்லை, தனிமைப்பட்டிருக்கிறது என்று பொருள். தவறு நேர்ந்தாலும் காப்பாற்றுவது விஎம்எஃப்எஸ் கோப்பு முறைமையின் பூட்டு: ஒரு சர்வர் பூட்டி வைத்திருக்கும் இயந்திரத்தை மற்றொன்றால் இயக்க முடியாது.

பிராக்ஸ்மாக்ஸின் வழி

லினக்ஸின் கேவிஎம் மெய்நிகராக்கத்தின் மேல் கட்டப்பட்ட பிராக்ஸ்மாக்ஸ் விஇ, 2008இல் வியன்னாவிலிருந்து வந்தது. 2012இல் சேர்ந்த அதன் முதல் எச்ஏ, ரெட்ஹேட்டின் கிளஸ்டர் கருவிகளைச் சார்ந்தது. மின்சாரத்தைத் துண்டிக்கத் தனிக் கருவி இல்லாமல் அது வேலை செய்யாது. 2015இல் வந்த 4.0 பதிப்பில் பிராக்ஸ்மாக்ஸ் தானே எழுதிய எச்ஏ மேலாளருக்கு மாறியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நயமாகப் படுவது இதன் தீர்வுதான். மற்றவர் வந்து கொல்ல வேண்டியதில்லை. சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

ஒவ்வொரு சர்வரிலும் ஒரு உள்ளூர் மேலாளர் உண்டு. அது கிளஸ்டர் முழுவதற்கும் பொதுவான கோப்பு முறைமையில் தன் பூட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கூடவே வாட்ச்டாக் கடிகாரத்தையும் திரும்பத் திரும்பத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். கோரம் போனால் பூட்டைப் புதுப்பிக்க முடியாது, கடிகாரத்தையும் தொடாது. 60 நொடி ஓடியதும் வாட்ச்டாக் சர்வரை ரீசெட் செய்துவிடும். பெரும்பான்மைப் பக்கம் பூட்டு காலாவதியாகும்வரை காத்திருந்து, அதைக் கைப்பற்றி, இயந்திரங்களை வேறிடத்தில் இயக்கும். பேச்சுத் தொடர்பு அறுந்த நிலையிலும் இரு தரப்பும் என்ன செய்வார்கள் என்று இரு தரப்புக்கும் தெரியும். நடுவில் இருப்பது கடிகாரம் மட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. துடிப்பைச் சுமக்கும் கோரோசிங்க் என்ற மென்பொருள் தாமதத்தைப் பொறுக்காது. பேக்கப் ஓடும் அதே வலைக்கம்பியில் அதையும் விட்டால், நெரிசலில் துடிப்பு தவறி, பழுதே இல்லாத எல்லாச் சர்வர்களும் கோரத்தை இழந்து ஒன்றாக ரீபூட் ஆகலாம். காக்க வந்த ஏற்பாடே வீழ்த்துவது இத்துறையில் புதிதல்ல. 2012 டிசம்பரில் கிட்ஹப்பின் வலையில் சிறிது நேரத் தடங்கல் ஏற்பட்டபோது, அதன் கோப்புச் சர்வர் இணைகள் ஒன்றையொன்று செத்ததாக எண்ணின. ஸ்டோனித் கட்டளைகள் பறந்தன. சில இணைகளில் இரண்டுமே அணைந்தன. எல்லாம் மீள மணிக்கணக்கில் ஆனது.

இடைவெளியே இல்லாத மாற்று

எச்ஏ மீட்பது ரீபூட் ஆன இயந்திரத்தைத்தான். நினைவகத்தில் இருந்தது போய்விடும். தரவுதளத்துக்கு அது மின்வெட்டு நேர்ந்தது போலத்தான். இதையும் தவிர்க்கும் முயற்சி 1995இல் தாமஸ் பிரசூட், ஃபிரெட் ஷ்னைடர் ஆகியோரின் ஆய்விலிருந்து தொடங்குகிறது. ஒரு இயந்திரத்தின் நிழலாக மற்றொன்றை வேறு சர்வரில் ஓடவிடுவதே அவர்கள் வழி. விஎம்வேர் 2009இல் இதைப் பொருளாக்கியபோது ஒற்றை மெய்நிகர் செயலி உள்ள இயந்திரத்துக்கே அது பொருந்தியது. 2015இல் நான்குவரை உயர்ந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான ரீமஸ், நொடிக்கு 40 முறைவரை இயந்திரத்தின் நிலையைப் படியெடுத்து அனுப்பியது. படி போய்ச்சேரும்வரை வெளியே போகும் செய்திகளை அது பிடித்து வைக்கும். வேகம் குறைவதால் இவை பரவலாகவில்லை.

எனவே பெரும்பாலோர் சாதாரண எச்ஏவோடு நிற்கிறார்கள். பிராக்ஸ்மாக்ஸில் பழுதைக் கண்டறிந்து மீட்கச் சுமார் 2 நிமிடம் ஆகும், இதனால் 99.999 விழுக்காட்டுக்கு மேல் கிடைப்பை எதிர்பார்க்க முடியாது என்று அதன் கையேடே சொல்கிறது. அந்த விழுக்காட்டின்படி ஆண்டு முழுவதற்கும் சேவை நின்றிருக்க அனுமதி 5 நிமிடம் 15 நொடி. இரண்டு பழுதுகளில் நான்கு நிமிடம் போய்விடும். அதற்குமேல் வேண்டுபவர்கள் மென்பொருளையே இரட்டையாக இயக்குகிறார்கள். அப்போது இரட்டையரில் இரண்டையும் எச்ஏ ஒரே சர்வரில் கொண்டுபோய் எழுப்பிவிடாமல் பார்க்க வேண்டும். இதற்கான ‘சேர்ந்திராதே’ விதி விஸ்பியரில் முன்பே இருந்தது. பிராக்ஸ்மாக்ஸின் எச்ஏவுக்கு 2025இல் வந்த 9.0 பதிப்பில்தான் கிடைத்தது.