பெரியாற்றுக் காடும் அதன் காவலர்களும்

ஒரு காட்டைச் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அங்குள்ள யானையும் புலியும் பிழைத்துக்கொள்ளும் என்று நாம் எண்ணுகிறோம். கேரளத்தில் தேக்கடியைச் சூழ்ந்த பெரியாற்றுக் காட்டின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

1895-ஆம் ஆண்டில் பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்தது. மதுரைச் சீமையின் வயல்களுக்கு நீர் வழங்கும் பொருட்டு உண்டான ஏரியைச் சுற்றியிருந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934-இல் விலங்குச் சரணாலயமாக்கிற்று. 1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

சட்டம் வந்தது, காவலும் வந்தது. ஆயினும் களவு ஒழியவில்லை. காரணம் யாது? காட்டை நம்பி வாழ்ந்த மன்னான், பளியர் குடியினர் காட்டின் விளிம்பில் மிளகு பயிரிட்டனர். விளைந்த மிளகோ பழங்கடனுக்கு ஈடாக வியாபாரிகளைச் சேர்ந்தது. அண்டை ஊர்களைச் சேர்ந்த சிலர் வயணப்பட்டை என்னும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றனர். உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போயிற்று. உரித்தவன் வழக்கில் சிக்கினான். ஆதாயம் தரகனுக்குப் போயிற்று.

1996-இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம் வேறொரு வழியை நாடிற்று. ஊர்தோறும் குழுக்கள் அமைந்தன. மிளகு விவசாயிகள் கடன் பிடியிலிருந்து மீளவும், விளைச்சலுக்கு நியாய விலை பெறவும் அவை துணை நின்றன. பட்டை உரித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் களவைக் கைவிட்டு முன்வந்தனர். வன இலாகா அவர்களைத் தண்டிப்பதை விடுத்து, பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலர்களாகவும் ஆக்கிற்று. கள்ளர் எவ்வழியே நுழைவர், எங்கே தங்குவர் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? களவுக்குப் பயன்பட்ட அதே அறிவு காவலுக்குப் பயன்பட்டது. 2002 முதல் குமுளிப் பகுதிப் பெண்களும், 'வசந்த சேனா' என்னும் பெயரில், ஊதியம் கருதாது முறைவைத்துக் காட்டைச் சுற்றி வரலாயினர்.

இம்முறை குறையற்றது என்று சொல்வதற்கில்லை. பயணிகள் வராவிடில் வழிகாட்டியின் வருவாய் நின்றுவிடும். திட்டப் பணமும் ஒருநாள் தீர்ந்துவிடும். இதனை உணர்ந்தே 2004-இல் 'பெரியாறு அறக்கட்டளை' நிறுவப்பட்டது.

காட்டின் விளிம்பில் வாழ்பவனுக்குக் காட்டால் பிழைப்பு உண்டு என்றால் அவன் அதைக் காப்பான். அது அவனுக்கு வழக்கும் வறுமையுமே தருமானால், எத்தனை வேலி இட்டாலும் காடு நிலைக்காது. பெரியாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.