சுவிஸ் தாழ்ப்பாளும் எங்கட கிளித்தட்டும்

பேர்ண் பக்கத்தில் ஒரு சின்னக் கழகத்தில் பதினொரு வயதுப் பொடியன்களுக்கு நான் சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் ஒரு போட்டிக்கு முன்னால் அவர்களில் ஒருவன் என்னைத் தனியே கூப்பிட்டான். தமிழ்ப் பொடியன். கண் கலங்கி இருந்தது.

"அண்ணா, என்னைப் பின்னுக்கு விடாதேங்கோ. அப்பா இண்டைக்கு லீவு எடுத்து வந்திருக்கிறார். பின்னுக்கு நிண்டா நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு நினைப்பார்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கவலை எனக்கும் இருந்தது. என் அப்பா உணவகச் சமையலறையில் வேலை செய்தவர். சனிக்கிழமை அவருக்கு மிகவும் வேலை கூடிய நாள். நான் சின்ன வயதில் விளையாடிய போட்டிகளில் இரண்டைத்தான் அவர் வந்து பார்த்தார். ஒன்றில் நான் பின்களத்தில் நின்றேன். மற்றதில் மாற்று வீரர்களின் வாங்கிலேயே இருந்தேன். வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பொடியனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். அது நாங்கள் பிறந்து வளர்ந்த இந்த நாட்டின் கதை. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் ஒரு சொல். அமெரிக்கக் கல்லூரிகளில் முட்டை வடிவப் பந்தை வைத்து விளையாடும் அவர்களுடைய ஃபுட்போலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே பந்து எறிபவருக்கு முன்னால் ஐந்து பெரிய உருவங்கள் ஒரு வரிசையாக நிற்கும். பந்து அவர்கள் கையில் தங்குவது அபூர்வம். ஆனால் அந்த வரிசை உடைந்தால் எறிபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. அதனால் நல்ல பயிற்சியாளர்கள் அந்த ஐந்து பேரோடு நிறுத்துவதில்லை. ஒருவருக்குக் கால் முறிந்தால் அடுத்தவர் யார், அவருக்குப் பின்னால் யார் என்று ஆட்களைத் தயார்செய்து வைப்பார்கள். இதை அவர்கள் ஆழம் என்கிறார்கள். ஒரு வரிசை எவ்வளவு பலமானது என்று தெரிய வேண்டுமானால் அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

உதைபந்தாட்டத்தில் இந்தக் கேள்வியை மிக ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் சுவிசில்தான் இருந்தார். பெயர் கார்ல் ரப்பான். 1905இல் வியன்னாவில் பிறந்தவர். எங்கள் அப்பா அம்மாவைப் போல அவரும் இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர். ஆனால் அகதியாக வரவில்லை. உதைபந்தாட்ட வீரராக ஜெனீவாவின் செர்வெட் கழகத்துக்கு வந்து, அங்கேயே வீரராகவும் பயிற்சியாளராகவும் ஆனார். 1933இலும் 1934இலும் செர்வெட் சுவிஸ் சம்பியன். அடுத்து சூரிச்சின் கிராஸ்ஹொப்பர்ஸ். அங்கும் கிண்ணங்கள் வந்தன.

ரப்பானுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. அவருடைய ஆட்கள் முழுநேரத் தொழில்முறை வீரர்கள் அல்ல. பெரிய நாடுகளின் வீரர்களோடு ஒருவருக்கு ஒருவர் என்று மோதினால் வேகத்திலும் உடல்பலத்திலும் தோற்றுப்போவார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகள் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர் என்று நின்றன. பின்னால் நிற்கும் இரண்டு பேரில் ஒருவரைத் தாண்டிவிட்டால் கோல் காப்பாளர் மட்டும்தான் மிச்சம்.

ரப்பான் ஆட்களின் இடத்தை மாற்றினார். நடுவரிசையில் இருபக்கமும் நின்றவர்களைப் பின்னுக்கு இழுத்து, எதிரணியின் ஓர வீரர்களைப் பார்க்க விட்டார். பழைய பின்கள வீரர்கள் இருவரையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். அவர்களில் ஒருவர் எதிரணியின் நடு முன்கள வீரரை மறிப்பார். மற்றவர் எல்லோருக்கும் பின்னால் நிற்பார். அவருக்கென்று மறிக்க ஒரு ஆள் கிடையாது. முன்னால் எந்த இடத்தில் ஓட்டை விழுகிறதோ அந்த இடத்துக்கு ஓடி அடைப்பதுதான் அவருடைய வேலை. பந்து தங்கள் அணியிடம் வந்ததும் எல்லோரும் முன்னேறுவார்கள். பந்து பறிபோனதும் எல்லோரும் திரும்பி ஓடி வருவார்கள்.

பிரெஞ்சுக்காரர் இதற்கு வெரூ என்று பெயர் வைத்தார்கள். ஜேர்மன் மொழியில் ரீகல். இரண்டுக்கும் பொருள் தாழ்ப்பாள். கதவு எவ்வளவு பாரமாக இருந்தாலும் பின்னால் தாழ்ப்பாள் இல்லையென்றால் தள்ளித் திறந்துவிடலாம்.

இதை வாசித்த அன்று எனக்கு அம்மம்மா சொன்ன கிளித்தட்டு ஞாபகம் வந்தது. உங்களில் பலர் கோடைகாலத் தமிழ் விளையாட்டு விழாக்களில் பார்த்திருப்பீர்கள். நிலத்தில் நீளமாக ஒரு கட்டம் கீறி, நடுவில் ஒரு கோடும் குறுக்கே பல கோடுகளும் போடுவார்கள். மறிக்கும் அணியில் ஆளுக்கொரு குறுக்குக் கோடு. தன் கோட்டை விட்டு அவர் விலக முடியாது. ஒருவருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்தான் கிளி. நடுக்கோட்டிலும் வெளிக்கோடுகளிலும் எங்கும் ஓடலாம். ஒரு கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று நீங்கள் சந்தோசப்படும்போது கிளி வந்து முதுகில் தட்டும். ரப்பானின் தாழ்ப்பாள் வீரரும் அதே வேலையைத்தான் செய்தார். வியன்னாக்காரர் எங்கள் ஊர் விளையாட்டைப் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் எதிரி பலமாக இருந்தால் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வை, ஒருவரை மட்டும் கட்டாமல் விடு என்ற யோசனை இரண்டு இடத்திலும் பிறந்திருக்கிறது.

1938இல் ரப்பான் சுவிஸ் தேசிய அணியின் பயிற்சியாளர். மே மாதம் சூரிச்சில் இங்கிலாந்தை 2க்கு 1 என்று வென்றார்கள். ஜூனில் பிரான்சில் உலகக் கிண்ணம். முதற்போட்டி ஜேர்மனியோடு.

அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச்சில்தான் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்ரியாவை விழுங்கியிருந்தது. ஒஸ்ரியாவின் நல்ல வீரர்கள் ஜேர்மன் அணியில் சேர்க்கப்பட்டார்கள். எழுபது மில்லியனுக்கும் மேல் மக்கள் கொண்ட நாட்டுக்கு எதிரே நான்கு மில்லியன் சொச்சம் பேர் கொண்ட நாடு. அடுத்தது நாங்களோ என்ற பயம் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

ஜூன் 4, பாரிஸ். 1க்கு 1, சமநிலை. அப்போது சமநிலையைப் பெனால்டி உதைகளால் தீர்க்கும் முறை கிடையாது. ஜூன் 9 மீண்டும் விளையாடினார்கள். ஜேர்மனி 2க்கு 0 என்று முன்னுக்குப் போனது. அதில் ஒன்று சுவிஸ் வீரரே தவறுதலாகத் தன் பக்கம் அடித்தது. இடைவேளைக்குச் சற்று முன்னர் வலாசெக் ஒரு கோல் போட்டார். அவர் மொஸ்கோவில் பிறந்தவர். பிறகு பிக்கல் ஒன்று, அபெக்லன் இரண்டு. 4க்கு 2 என்று சுவிஸ் வென்றது. நாடு முழுவதும் கொண்டாடியது.

மூன்று நாள் கழித்து லில் நகரில் ஹங்கேரியோடு காலிறுதி. 0க்கு 2, தோல்வி. எட்டு நாட்களில் அது மூன்றாவது போட்டி. அந்தக் காலத்தில் போட்டியின் நடுவே ஆளை மாற்றவும் முடியாது. உலகக் கிண்ணத்தில் மாற்று வீரர்கள் அனுமதிக்கப்பட்டது 1970இல்தான்.

அந்த விதி எவ்வளவு கொடுமையானது என்று 1954இல் லொசானில் தெரிந்தது. சுவிஸ் நடத்திய உலகக் கிண்ணம், ஒஸ்ரியாவோடு காலிறுதி, கடும் வெயில். பயிற்சியாளர் மறுபடியும் ரப்பான். பத்தொன்பது நிமிடத்துக்குள் சுவிஸ் 3க்கு 0. ஒஸ்ரியாவின் கோல் காப்பாளர் ஷ்மீட்டுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது. மாற்ற முடியாது. அவர்களுடைய அணி உதவியாளர் ஒருவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சுவிஸ் பக்கத்தில் அணித்தலைவர் பொக்கே உடல்நலம் சரியில்லாமல் பின்களத்தில் நின்றார். அவரையும் மாற்ற முடியாது. இடைவேளைக்கு முன்பே ஒஸ்ரியா முந்திவிட்டது. முடிவு 7க்கு 5. உலகக் கிண்ண வரலாற்றில் மிக அதிக கோல் விழுந்த போட்டி இன்றுவரை அதுதான். தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தவரின் அணி ஏழு கோல் வாங்கியது. தாழ்ப்பாளே களைத்துப்போனால் அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

அந்த யோசனை அத்தோடு முடியவில்லை. இத்தாலியர்கள் அதை எடுத்து இன்னும் இறுக்கினார்கள். அவர்கள் வைத்த பெயர் கத்தெனாச்சோ. அதுவும் தாழ்ப்பாள்தான். அந்த முறையில் இன்டர் மிலான் 1964, 1965 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது.

ஒரு விஷயத்தை மறைக்க எனக்கு மனமில்லை. ரப்பான் நாசிக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர் என்பதைப் பிற்காலத்தில் வரலாற்று ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். நாசி ஜேர்மனியை வென்ற அணியின் பயிற்சியாளர்! முதலில் வாசித்தபோது இந்தக் கட்டுரையே வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். ஒரு நல்ல யோசனை பிறந்ததற்காக அதைத் தந்த ஆளை வணங்க வேண்டியதில்லை. ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக நடந்ததை அழிக்கவும் முடியாது. எங்கள் சொந்த வரலாற்றை வாசிக்கும்போதும் இந்தப் பழக்கம் எங்களுக்குத் தேவைப்படும்.

இப்போது 2021 ஜூன் 28க்கு வாருங்கள். அந்த இரவு நீங்களும் கத்தியிருப்பீர்கள். புக்கரெஸ்டில் உலக சம்பியன் பிரான்சிடம் சுவிஸ் 1க்கு 3 என்று பின்தங்கியது. செஃபெரோவிச் ஒன்று போட்டார். தொண்ணூறாவது நிமிடத்தில் கவ்ரனோவிச் சமப்படுத்தினார். பெனால்டியில் ஐந்து பேரும் தவறாமல் அடித்தார்கள். எம்பாப்பே அடித்ததை சொம்மர் தடுத்தார். 1938க்குப் பிறகு ஒரு பெரிய தொடரின் வெளியேற்றுச் சுற்றில் சுவிஸ் பெற்ற முதல் வெற்றி. இடையில் எண்பத்து மூன்று ஆண்டுகள்.

அந்தப் பெனால்டி அடித்த ஐந்து பேரையும் கவனியுங்கள். கவ்ரனோவிச், ஷேர், அகாஞ்சி, வார்காஸ், மெஹ்மெடி. இவர்களில் அகாஞ்சி மட்டும்தான் ஆரம்பத்திலிருந்து விளையாடியவர். மற்ற நால்வரும் வாங்கிலிருந்து எழுந்து வந்தவர்கள். 1938இலும் 1954இலும் இல்லாத ஆழம் அன்று இருந்தது. இன்னொன்று. அந்த ஐந்து பேரில் நால்வரின் குடும்பக் கதை வேறொரு நாட்டில் தொடங்குகிறது. இந்த நாட்டுக்கு அந்த ஆழத்தைக் கொடுத்ததில் எங்களைப் போன்ற வீடுகளுக்கும் பங்கு இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நான் பொடியனைப் பின்னுக்குத்தான் விட்டேன். 3க்கு 1 என்று தோற்றோம். அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த பயிற்சியில் பந்தைப் பையிலேயே வைத்துவிட்டு, சின்னக் கூம்புத் தொப்பிகளை அடுக்கிக் கிளித்தட்டுக் கோடு போட்டேன். சுவிஸ், கொசோவோ, போர்த்துக்கல், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் விதியைச் சொன்னேன். விளையாடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் கிளியாக வேண்டும் என்று சண்டை. அவனுக்கும்தான்.

முடிந்ததும் அவனிடம் சொன்னேன். "தம்பி, நீ போன கிழமை நிண்ட இடம் இதுதான்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "அப்ப அதை அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?"

இரவு அவன் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் கிளித்தட்டு விளையாடினீர்களா என்று கேட்டதும் மனுசன் அரை மணித்தியாலம் பேசினார். அவரும் கிளியாம். வாற சனிக்கிழமை வேலையை மாற்றிவிட்டு வருகிறாராம்.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.